பெண்கள் எழுதிய ஆதி அறிபுனை நாடுகள்: எதில் தொடங்கி எப்படிப் படிப்பது

யுட்டோபியா வகைக் கதைகளை, அதாவது கற்பனையான லட்சிய நாட்டுக் கதைகளை, நாவல் படிக்கும் ஆசையோடு எடுத்தால் இருபதாம் பக்கத்தில் கொட்டாவி வரும். வெளியாள் ஒருவர் புது நாட்டுக்குப் போய்ச் சேருவார். உள்ளூர்க்காரர் ஒருவர் ஊரைச் சுற்றிக் காட்டுவார். வந்தவர் கேட்பார், அவர் சொல்வார், வந்தவர் வாயைப் பிளப்பார். 17ஆம் நூற்றாண்டிலிருந்து 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை பெண்கள் எழுதிய அறிபுனைகளும் (அறிவியல் புனைகதைகளும்) பெரும்பாலும் இந்த அச்சில் வார்த்தவைதான்.

மேஸ்திரி வீட்டு பிளானைப் பார்க்கிற மாதிரி பார்த்தால் சுவாரசியம் தட்டும். அடுப்பு எங்கே, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, பிள்ளையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், வெளிக்கதவுச் சாவி யாரிடம்? ஆண்கள் எழுதிய பல லட்சிய நாடுகள் இந்தக் கேள்விகளை அரை வரியில் தாண்டிவிடும். இந்தப் பெண்கள் அங்கேதான் நின்று எழுதினார்கள். ஆகவே இந்த நூல்களில் கனவைவிட ஏற்பாட்டைப் படிக்க வேண்டும். அந்த நாடு எப்படி இருக்கிறது என்பதோடு, அப்படி ஆனது எப்படி என்றும் கேட்க வேண்டும்.

வரிசை

முதலில் ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' (1905). அடுத்து சார்லட் பெர்கின்ஸ் கில்மனின் 'ஹெர்லேண்ட்' (1915). மூன்றாவது மேரி பிராட்லி லேனின் 'மிசோரா' (1880–81). கடைசியில் மார்கரெட் கேவண்டிஷின் 'பிளேசிங் வேர்ல்ட்' (1666). நேரமும் ஆர்வமும் மிஞ்சினால் எலிசபெத் பர்கோயின் கார்பெட்டின் 'நியூ அமேசானியா' (1889), ஆலிஸ் இல்கன்ஃபிரிட்ஸ் ஜோன்ஸும் எல்லா மெர்ச்சன்ட்டும் சேர்ந்து எழுதிய 'அன்வெய்லிங் எ பாரலல்' (1893) இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கால வரிசைப்படி படிக்கலாமே என்று தோன்றும். பலர் அப்படித்தான் தொடங்கி அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 1666இன் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அரைப் பக்கம் ஓடும். பத்தி பிரிப்பதில் கேவண்டிஷுக்கு அக்கறையே கிடையாது. தவிர, அவர் யாரைக் கிண்டல் செய்கிறார் என்பது தெரியாமல் படித்தால் விலங்கு மனிதர்கள் வரும் வேடிக்கைக் கதையாகவே மிஞ்சும். அது கடைசியில்தான் ருசிக்கும்.

'சுல்தானாவின் கனவு' முதலில் வருவதற்குக் காரணங்கள் எளியவை. ஒரே மூச்சில் படித்துவிடலாம்; வாய்விட்டுப் படித்தாலும் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சிரிப்பு வரும். இன்னொன்று, அது முதலில் அச்சேறியது சென்னையில். கமலா சத்தியநாதன் 1901இல் மதராஸில் தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' இதழில் 1905இல் ஆங்கிலத்தில் வெளியானது. பீகாரின் பாகல்பூரில் பர்தாவுக்குள் இருந்த, பள்ளி வாசலையே மிதிக்காத வங்காளப் பெண்ணின் முதல் அறிபுனையை வெளியிட்டது மதராஸ் பத்திரிகை என்பதை நம் ஊர் இலக்கியக் கூட்டங்களில் யாரும் சொல்லிக் கேட்பது அரிது.

பிரதி எடுக்கும்போது

இவை எல்லாமே காப்புரிமை முடிந்த பழைய நூல்கள். 'ஹெர்லேண்ட்', 'மிசோரா', 'பிளேசிங் வேர்ல்ட்' மூன்றும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 'சுல்தானாவின் கனவு' பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பெண் எழுத்தாளர் தொகுப்பில் இருக்கிறது. அச்சில்தான் வேண்டும் என்றால் சென்னையின் தாரா புக்ஸ், கோண்டு ஓவியர் துர்காபாயின் படங்களோடு போட்ட பதிப்பு உண்டு. ரொக்கேயாவின் பிற்கால நாவலான 'பத்மராக்' சேர்ந்த பெங்குவின் பதிப்பும் (2005) உண்டு.

இணையக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 'அச்சிட்டுத் தரும்' பிரதிகளை வாங்குமுன் உள்பக்கத்தைப் பாருங்கள். முதல் வெளியீட்டு ஆண்டு இல்லாத பிரதி வேண்டாம். ஸ்கேன் செய்து திருத்தாமல் போட்டவற்றில் வரிகள் காணாமல்போகும். பழைய எழுத்துருவில் நீண்ட 'எஸ்' எழுத்து 'எஃப்' ஆகி, கேவண்டிஷ் படிக்கவே முடியாமல் போய்விடுவார். அவருடைய நூலுக்கு முன்னுரை, முதல் பாகம், இரண்டாம் பாகம் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் பாகம் சிறியது என்பதால் சில தொகுப்புகளில் விட்டுவிடுகிறார்கள். நீர்மூழ்கிக் கப்பல்கள் வருவது அதில்தான்.

ஆண்டில்தான் பலரும் வழுக்குகிறார்கள். 'மிசோரா' முதலில் வந்தது 'சின்சினாட்டி கமர்ஷியல்' நாளிதழில், தொடராக, 1880–81இல், ஆசிரியர் பெயர் இல்லாமல். நூலானது 1890இல். நூலின் ஆண்டை மட்டும் பார்ப்பவர்கள், எட்வர்ட் பெல்லமியின் புகழ்பெற்ற 'லுக்கிங் பேக்வர்ட்' என்ற லட்சிய நாட்டு நாவல் 1888இல் வந்ததை நினைத்துக்கொண்டு, லேன் அவரைப் பின்பற்றியதாக எழுதிவிடுகிறார்கள். அவர் பெல்லமிக்கு ஏழு ஆண்டு முந்தியவர். 'ஹெர்லேண்ட்' கதையும் இப்படித்தான். கில்மன் தாமே எழுதி, தாமே நடத்திய 'ஃபோர்ரன்னர்' மாத இதழில் 1915இல் பன்னிரண்டு மாதம் வந்தது. தனி நூலாக வந்தது 1979இல். எழுபதுகளின் பெண்ணிய அறிபுனையோடு அதைச் சேர்த்துப் பட்டியலிடுபவர்கள் நூலக அட்டையை மட்டும் பார்த்தவர்கள். 'சுல்தானாவின் கனவு'க்கு மூன்று ஆண்டுகள்: 1905 இதழ், 1908 கல்கத்தா நூல், 1922இல் 'மோதிச்சூர்' இரண்டாம் தொகுதியில் அவரே செய்த வங்காள வடிவம். ஆங்கில வடிவமே முதலாவது.

நோட்டு

ஒரு நூலுக்கு எதிரெதிராக இரண்டு பக்கம். இடப்பக்கத்தில் அந்தக் கற்பனை நாட்டின் ஏற்பாடு, வலப்பக்கத்தில் அதே விஷயத்தில் எழுத்தாளர் வாழ்ந்த நாட்டின் அன்றைய நிலை. கேட்க வேண்டியவை: யார் சமைக்கிறார்கள், எந்த எரிபொருளில்? ஒரு நாளில் வேலை எத்தனை மணி நேரம்? பிள்ளை எப்படிப் பிறக்கிறது, யார் வளர்க்கிறார்கள்? ஆண்கள் எங்கே? தண்டனை என்ன? போர் வந்தால் என்ன செய்வார்கள்? நாட்டுக்குள் வரக்கூடாதவர் யார்? கடைசியாக, நாடு இப்படி ஆனது எந்தச் சம்பவத்தால், எந்த ஆண்டில்? ஒவ்வொரு பதிலோடும் பக்க எண்ணை எழுதிவிடுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பு ஒரு வாரத்தில் அபிப்பிராயமாகிவிடும்.

வலப்பக்கத்தை நிரப்புவதுதான் உழைப்பு; பலனும் அதில்தான். ரொக்கேயாவின் கதை நாடான லேடிலேண்டில் இருபத்தொரு வயதுக்கு முன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் கிடையாது. வெறுமனே படித்தால் நல்ல சட்டம் என்று தலையாட்டிவிட்டு நகர்வோம். வலப்பக்கத்தில் எழுதுங்கள்: பிரிட்டிஷ் இந்தியாவில் 1891ஆம் ஆண்டுச் சட்டம் உடலுறவுக்கான இசைவு வயதைப் பத்திலிருந்து பன்னிரண்டாக உயர்த்தியதற்கே பெரும் எதிர்ப்பு. சாரதா சட்டம் பெண்ணின் மண வயதைப் பதினான்கு என்று வைத்தது 1929இல். எதிரெதிரே இரண்டையும் பார்த்தால்தான் அந்த 21 எவ்வளவு துணிச்சலான எண் என்று புரியும். லேடிலேண்டில் பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள். வலப்பக்கம்: கல்கத்தா பல்கலைக்கழகத்தில் காதம்பினியும் சந்திரமுகியும் முதல் பட்டதாரிப் பெண்களானது 1883இல், ரொக்கேயாவோ அண்ணனிடம் இரவில் ஒளிந்து ஆங்கிலம் கற்றவர். லேடிலேண்டை ஆள்வது ஒரு ராணி. வலப்பக்கம்: மதராஸ் மாகாணத்தில் பெண்களுக்கு ஓட்டு கிடைத்தது 1921இல்.

'சுல்தானாவின் கனவு': படிக்கும் முறை

முதல் வாசிப்பில் நிறுத்தாமல் ஓடுங்கள். இரண்டாவது வாசிப்பில் ஏற்பாடு வந்த வரிசையை மட்டும் பிரித்து எழுதுங்கள். கதையில் அது பின்னோக்கிச் சொல்லப்படுவதால் எளிதில் கைநழுவும்.

முதலில் ராணி எல்லாப் பெண்களும் படிக்க வேண்டும் என்று ஆணையிடுகிறாள். பள்ளிகள் வருகின்றன, சிறுவயதுத் திருமணம் நிற்கிறது. பிறகு பல்கலைக்கழகங்கள். ஒன்று, மேகத்துக்கு மேலே பலூனைக் கட்டிவைத்துக் குழாய் வழியே தண்ணீர் இறக்குகிறது. மற்றது சூரிய வெப்பத்தைச் சேர்த்துவைக்கும் கருவியைச் செய்கிறது. ஆண்கள் படைபலத்தைப் பெருக்கிக்கொண்டு இதையெல்லாம் பார்த்துச் சிரிக்கிறார்கள். அடைக்கலம் புகுந்தவர்களைத் திருப்பித் தர ராணி மறுத்ததால் அண்டை மன்னன் படையெடுக்கிறான். ஆண்களின் படை தோற்கிறது. அப்போதுதான் கல்லூரித் தலைவி ஒரு நிபந்தனையோடு எழுகிறாள்: பெண்கள் வெளியே வருமுன் ஆண்கள் அந்தப்புரத்துக்குள் போய்விட வேண்டும், பர்தா கெடக்கூடாது அல்லவா! காயமும் களைப்புமாக இருந்த ஆண்கள் அதை வரமாகவே எடுத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். இரண்டாயிரம் மாணவிகள் போர்க்களத்துக்குப் போய், குவித்த சூரிய வெப்பத்தை எதிரிமேல் திருப்புகிறார்கள். போர் முடிகிறது. உள்ளே போன ஆண்கள் உள்ளேயே இருக்கிறார்கள்.

இந்த வரிசையில் யாரும் யாரையும் அடித்து அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். பர்தாவின் விதியை ரொக்கேயா மாற்றவே இல்லை, ஆளை மட்டும் மாற்றினார். சுற்றுப்பயணம் போயிருந்த கணவர் திரும்பிவந்து, நின்றபடியே முழுவதையும் படித்துவிட்டு 'பயங்கரமான பழிவாங்கல்' என்றாராம். அவருக்குக் கதை சரியாகவே புரிந்திருக்கிறது. ஆண்களை அடைத்துவைப்பதே தீர்வு என்று ரொக்கேயா சொல்வதாக எடுத்துக்கொள்பவர்களும், பெண்களும் ஆண்களைப்போலவே கொடுங்கோலர்கள் ஆகிவிட்டார்களே என்று குறைப்படுபவர்களும் இந்த ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். கண்ணாடியைத் திருப்பிக் காட்டும் நையாண்டி இது, அரசியல் அறிக்கை அல்ல.

இனி கணக்கு. கதைக்குள்ளேயே ஒன்று இருக்கிறது: ஒரு சுருட்டு எரிந்து தீர அரை மணி நேரம், ஒருவர் நாளைக்குப் பன்னிரண்டு சுருட்டு பிடித்தால் ஆறு மணி நேரம் புகையாகப் போகிறது. ஆண்கள் ஏழு மணி நேரத்தில் செய்ததைப் பெண்கள் இரண்டே மணி நேரத்தில் முடித்துவிடுவதற்கு, சுல்தானாவுக்கு நாட்டைச் சுற்றிக் காட்டும் சாரா அக்கா தரும் விளக்கம் இது. இதே சூட்டோடு மற்றக் கருவிகளையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எது அறிவியல், எது துள்ளல் என்று பிரிந்துவிடும்.

சமையலறை: நல்ல வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் சுமார் 1,000 வாட். அதில் பாதியைப் பாத்திரத்தில் சேர்த்தால், 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய பத்து நிமிடத்தில் கொதிக்கும். ஆக, புகையும் கரியும் இல்லாத அந்த அடுப்பு நடக்கக்கூடியதே. பம்பாயில் வில்லியம் ஆடம்ஸ் கண்ணாடிகளால் வெயிலைக் குவித்துக் கொதிகலனை ஓட்டிப் பார்த்து 1878இல் புத்தகமே எழுதியிருந்தார். ரொக்கேயாவின் துள்ளல் வெப்பத்தைச் சேமித்துவைத்துக் குழாயில் அனுப்புவதில் இருக்கிறது.

வான்வண்டி: சதுரப் பலகை ஒன்று, அதில் திருகிய இரண்டு இருக்கைகள், இரண்டு ஹைட்ரஜன் பந்துகள், மின்சாரத்தில் சுழலும் இறக்கைத் தகடுகள். ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது சுமார் 1.1 கிலோ. இரண்டு பெண்கள், பலகை, இயந்திரம் எல்லாம் சேர்த்து 160 கிலோ என்று வைத்தால் 145 கன மீட்டர் வேண்டும். அதாவது ஒவ்வொரு பந்தும் ஐந்து மீட்டர் குறுக்களவு. கதையில் பந்தைச் சாரா கையால் பொருத்துகிறாள். ஆனாலும் எடைக்கு ஏற்ப வெவ்வேறு கொள்ளளவில் பந்துகள் உண்டு என்று எழுதியிருப்பதைப் பார்த்தால், மிதப்பின் விதி ரொக்கேயாவுக்குத் தெரிந்திருக்கிறது. ரைட் சகோதரர்கள் பறந்து இரண்டே ஆண்டு ஆகியிருந்த காலம் அது.

மேகக் குழாய் மட்டும் தேறாது. ஒரு கன மீட்டர் மேகத்தில் பெரும்பாலும் ஒரு கிராம் தண்ணீருக்கும் குறைவாகவே இருக்கும். பதினைந்து லிட்டர் குடம் ஒன்று நிரம்பக் குறைந்தது 15,000 கன மீட்டர் மேகத்தை உறிஞ்ச வேண்டும். இந்தக் கணக்குகளைக் கதையை மட்டம் தட்டப் போடவில்லை. சமையல், தண்ணீர், பயணம் என்று பெண்ணின் நாளைத் தின்னும் மூன்று வேலைகளுக்குத்தான் அவர் கருவி கண்டுபிடித்தார், அந்த வெப்பம் ஆயுதமானது பிற்பாடுதான் என்பது கணக்குப் போடும்போது கண்ணில் படும்.

'ஹெர்லேண்ட்'

பன்னிரண்டு அத்தியாயம், ஐம்பதாயிரம் சொற்களுக்குச் சற்று மேல். ஆறு ஆறாகப் பிரித்துப் படியுங்கள். மூன்று அமெரிக்க ஆண்கள் ஆண்களே இல்லாத நாட்டைத் தேடிப் போகிறார்கள்: சமூகவியல் படித்த வேன், பெண்களைத் தெய்வமாக்கும் ஜெஃப், பெண்களை வேட்டையாகப் பார்க்கும் டெர்ரி. இரண்டாயிரம் ஆண்டுகளாக அங்கே பெண்கள் ஆண் துணையின்றியே கருத்தரித்து வாழ்கிறார்கள்.

கதை சொல்வது வேன். அவன் வியப்பதையெல்லாம் கில்மனின் கருத்தாக எழுதிவிடாதீர்கள். முதல் ஆறு அத்தியாயங்களில் நகைச்சுவையே அவன் தப்புக்கணக்கில்தான் இருக்கிறது. இவ்வளவு ஒழுங்கான சாலையைப் பார்த்ததும், இங்கே கண்டிப்பாக ஆண்கள் இருக்க வேண்டும் என்று மூவரும் முடிவுகட்டுகிறார்கள். இடப்பக்கத்தில் குறிக்க நிறைய இருக்கும்: தனி வீட்டுச் சமையலறை கிடையாது, பிள்ளை வளர்ப்பு தேர்ந்தவர்களின் தொழில், மேய்ச்சலுக்கு நிலம் போதாததால் கால்நடை கிடையாது, காடெல்லாம் காய்கனி தரும் மரங்கள், பறவையைக் கொல்லாத பூனைகள், உடையெல்லாம் பைகள். பெண்ணை அடுப்படிக்குள் பொருளாதாரமே கட்டிப்போடுகிறது என்று 1898இலேயே தனி நூல் எழுதியவர் கில்மன். அந்த வாதத்துக்கு உடல் கொடுத்ததுதான் இந்த நாடு.

ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு வேகம் குறையும். திருமணத்துக்குப் பின் டெர்ரி தன் மனைவி அலிமாவிடம் பலாத்காரத்துக்கு முயல்வதும் அதற்கு அந்த நாடு தரும் தண்டனையும் வரும்வரை விடாமல் போங்கள். மனைவியை வற்புறுத்துவது குற்றமே அல்ல என்று சட்டம் நினைத்த காலத்தில் எழுதியது. டெர்ரிக்கு நாடுகடத்தல்.

'மிசோரா', 'நியூ அமேசானியா'

சைபீரியாவிலிருந்து தப்பிய ரஷ்யப் பிரபுகுலப் பெண் வேரா, வடதுருவத்தைத் தாண்டி பூமியின் உட்புறத்துக்குள் இறங்குகிறாள். அங்கே பெண்கள் மட்டுமே. ரசாயனத்தில் செய்த இறைச்சி, இலவசக் கல்வி, தூரத்தில் இருப்பவரின் உருவத்தைப் பார்த்தபடி பேசும் கருவி என்று லேனின் கற்பனை எங்கெங்கோ ஓடுகிறது. ஒன்றைத் தேடிப் பிடித்துப் படியுங்கள்: தூரிகையும் பஞ்சும் பூட்டிய சிறு இயந்திரம் ஒன்று சோப்புத் தண்ணீரை வார்த்து, தேய்த்து, துடைத்து, பஞ்சைத் தானே பிழிந்துகொண்டு தரையில் ஓடும். தரை துடைத்துப் பழகிய கைதான் அதை எழுதியிருக்க முடியும்.

நூலின் மறுபக்கம் கசப்பானது. மிசோராவில் அனைவரும் பொன்னிற முடியும் வெள்ளைத் தோலும் கொண்டவர்கள். கருநிறத்தவரை ஏன் இல்லாமல் செய்தோம் என்று அவர்கள் கூச்சமின்றி விளக்குகிறார்கள். 'ஹெர்லேண்ட்' பெண்களும் 'ஆரிய' வழியினர். தகுதியற்றவர் என்று கருதப்படுபவர்களைத் தாய்மையைத் துறக்கச் சொல்கிறார்கள். 'நியூ அமேசானியா'வில் பிறவிக் குறையுள்ள குழந்தைகளை வாழவிடுவதில்லை. 'வரக்கூடாதவர் யார்' என்ற கேள்வி நோட்டில் இருப்பது இதற்காகவே. அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான் என்று தள்ளிவிடுவதும் தவறு, இதைப் பார்த்ததும் நூலை மூடிவைப்பதும் தவறு. தரை துடைக்கும் இயந்திரமும் நிறவெறியும் ஒரே தலையில், ஒரே திட்டத்தின் பகுதிகளாக எப்படி இருந்தன என்று பார்க்க வேண்டும்: எல்லாவற்றையும் 'மேம்படுத்தலாம்' என்ற நம்பிக்கை தரையோடு நிற்காமல் மனிதர்கள்மேலும் பாய்ந்தது. ரொக்கேயாவின் நாட்டில் தோல்நிறம் பற்றிய பேச்சே இல்லை. பிறர் நிலத்துக்கும், கோஹினூரைவிட ஆயிரம் மடங்கு ஒளிரும் வைரத்துக்கும் ஆசைப்படமாட்டோம் என்கிறாள் அவருடைய ராணி. காலனியின் குடிமகள் எழுதியது என்பது அந்த வரியில் தெரிகிறது.

'நியூ அமேசானியா'வுக்கு வாசல் அதன் முன்கதைதான். 1889 ஜூனில் 'நைன்டீன்த் செஞ்சுரி' இதழில், ஹம்ஃப்ரி வார்டு அம்மையார் முன்னின்று, நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கையெழுத்திட்டுத் தங்களுக்கு ஓட்டுரிமை வேண்டாம் என்று முறையிட்டார்கள். கார்பெட்டுக்குக் கோபம் வந்தது; அதே ஆண்டில் நாவல் வந்தது. 2472ஆம் ஆண்டு அயர்லாந்தில் ஏழடி உயரப் பெண்கள் ஆள்கிறார்கள். எழுத்தாக அது சுமார்தான், கோபத்துக்காகப் படிக்கலாம். 'அன்வெய்லிங் எ பாரலல்' கெட்டிக்காரத்தனமானது. செவ்வாயில் இரண்டு நாடுகள். முதல் நாட்டில் சமத்துவம் பெற்ற பெண்கள் ஆண்களின் எல்லாக் கெட்ட பழக்கங்களையும் சேர்த்தே பெற்றிருக்கிறார்கள். போய்ப் பார்த்து அதிர்வது பூமியிலிருந்து வந்த ஆண்.

'பிளேசிங் வேர்ல்ட்': தாண்டவேண்டிய பக்கங்கள்

ராபர்ட் ஹூக் நுண்ணோக்கி வழியே கண்டவற்றைப் படங்களோடு வெளியிட்டது 1665இல். லென்ஸ் வழியே தெரிவதெல்லாம் உண்மையா என்று கேட்டு கேவண்டிஷ் ஒரு தத்துவ நூல் எழுதி, அதன் பின்னிணைப்பாக இந்தக் கதையைச் சேர்த்தார். இது தெரிந்தால் போதும், கரடி மனிதர்களின் தொலைநோக்கிச் சண்டை ஏன் இவ்வளவு நீளம் என்பது விளங்கிவிடும். கதையின் நாயகி, கடத்தப்பட்டுத் துருவம் தாண்டி விலங்கு மனிதர்களின் உலகத்துக்கு வந்து பேரரசியானவள். கருவிகளை உடைத்துப்போடுங்கள் என்று அவள் சொல்ல, எங்கள் சந்தோஷமே இந்தச் சண்டைதான், விட்டுவிடுங்கள் என்று கரடிகள் கெஞ்சும்.

படிக்கவேண்டிய வரிசை: முன்னுரை, கடத்தலும் துருவப் பயணமும், கரடிகள், பேரரசி எழுத்தராக நியூகாசில் சீமாட்டியின் ஆன்மாவை, அதாவது கேவண்டிஷையே, வரவழைக்கும் இடம், பிறகு இரண்டாம் பாகம் முழுவதும். பறவை, மீன், புழு மனிதர்களோடு நடக்கும் இயற்கைத் தத்துவ விசாரணையை முதல் முறை தாராளமாகத் தாண்டுங்கள். வலப்பக்கத்தில்: 1667 மே 30 அன்று கேவண்டிஷ் அறிவியல் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டிக்குப் போனார், அங்கே நுழைந்த முதல் பெண் அவர். பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1945இல்.

வாசிப்பு வட்டத்துக்கு

ஆறு முதல் பத்துப் பேர், ஆறு கூட்டம், ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம். முதல் கூட்டத்தில் 'சுல்தானாவின் கனவை' வாய்விட்டு முழுவதும் படியுங்கள். ஒருவர் ஒரு பத்தி படிக்க, அடுத்தவர் அதைத் தமிழில் சொல்லலாம். அப்படியானால் கூட்ட நேரம் முழுவதும் அதற்கே சரியாகிவிடும், பரவாயில்லை. ரொக்கேயாவின் வாழ்க்கைக் குறிப்பை முன்னால் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்துவிடுவார்கள், சிரிப்பு வராது. இரண்டாம் கூட்டத்தில் நோட்டும் கணக்கும். மூன்றும் நான்கும் 'ஹெர்லேண்ட்'. ஐந்தில் 'மிசோரா'; 'நியூ அமேசானியா'வை ஒருவர் மட்டும் படித்துவந்து பத்து நிமிடம் சொன்னால் போதும். ஆறாவது கேவண்டிஷ்.

பேச்சு இரண்டாம் கூட்டத்திலேயே 'ஆட்சிக்குச் சிறந்தவர் ஆணா, பெண்ணா' என்ற பட்டிமன்றமாக மாறப் பார்க்கும். விட்டால் நூலை யாரும் திறக்கமாட்டார்கள். பேசுபவர் பக்க எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டும் என்ற ஒரே விதி அதைத் தடுக்கும். இன்னொரு திசைதிருப்பல் 'அன்றே கணித்தார்' பேச்சு: வீடியோ அழைப்பை லேன் கணித்தார், சூரிய மின்சாரத்தை ரொக்கேயா கணித்தார் என்று. ரொக்கேயா எழுதியது சூரிய வெப்பம். வயலை உழுவதற்கும் வண்டிக்கும் தனியாக மின்சாரம் வருகிறது. இரண்டையும் கலக்கக்கூடாது.

ஆறு கூட்டம் முடிந்த பிறகும் தொடர விரும்புபவர்கள் ரொக்கேயாவின் 'பத்மராக்' (1924) நாவலை எடுக்கலாம். வங்காளத்தில் எழுதியது, பர்ணிதா பாக்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பு உண்டு. அதில் இயந்திரம் எதுவும் கிடையாது. விதவை ஒருத்தி நடத்தும் தாரிணி பவனம், அங்கே ஒரு பள்ளி, ஒரு தொழிற்கூடம், நோயாளிகளுக்கு ஒரு விடுதி, வேலை பார்க்கப் பல மதத்துப் பெண்கள். 1909இல் கணவர் இறந்தபின் பாகல்பூரில் ஐந்து மாணவிகளோடு பள்ளி தொடங்கி, 1911இல் அதைக் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கியவர் எழுதியது. அதற்கும் அதே நோட்டையே எடுங்கள்; இந்தமுறை வலப்பக்கத்தை அவருடைய சொந்தப் பள்ளியின் விவரங்களைக் கொண்டே நிரப்பலாம்.